சின்னக் குழந்தைகளோடு நீலகிரிக்கு: பெற்றோர் செய்யும் தவறுகள்

மூன்று வயதுக் குழந்தைக்குத் தொட்டபெட்டா உச்சியும் ஒன்றுதான், தங்கும் விடுதியின் வாசல் புல்வெளியும் ஒன்றுதான். 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயர்ந்த சிகரம் என்பதெல்லாம் நமக்குத்தான் பெரிது. அந்தக் குழந்தைக்கு வேண்டியது உருண்டு விளையாட ஒரு சரிவு, பொறுக்குவதற்கு நாலு பைன் மரக் காய், அவசரப்படுத்தாத அப்பா அம்மா. இதை மறந்து, பெரியவர்களின் பட்டியலோடு மலையேறும்போதுதான் மற்ற பெரும்பாலான தவறுகளும் தொடங்குகின்றன.

ஒரே நாளில் தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, மறுநாள் பைக்காரா, ஷூட்டிங் மட்டம், குன்னூர்ப் பக்கம் டால்பின் நோஸ் என்று போடும் பட்டியலைச் சொல்கிறேன். மே மாத நெரிசலில் அந்த நாளின் பாதி காருக்குள்ளேயே போய்விடும். பசி நேரம் தவறும், மதியத் தூக்கம் தவறும். சாயங்காலம் படகு இல்ல வாசலில் குழந்தை கத்தி அழுதால் அது பிடிவாதம் இல்லை, அசதி. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு வந்தால் ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம் போதும். காலையில் அங்கே போங்கள், மதியம் தூங்க விடுங்கள், மாலையில் விடுதியைச் சுற்றி ஒரு நடை. இப்படித் திட்டமிடுவது பணத்தை வீணாக்குவது போலத் தோன்றலாம். ஆனால் குழந்தை பேசிக்கொண்டே இருக்கப்போவது இந்தப் பயணத்தைத்தான்.

அந்த ஓர் இடம் எது? ஊட்டியில் என்றால் நான் அரசு தாவரவியல் பூங்காவைச் சொல்வேன். 1848இல் தொடங்கப்பட்டது, ஐம்பத்தைந்து ஏக்கர். திறந்தவுடன் உள்ளே போய்விட்டால் பெரிய புல்வெளிகள் உங்கள் குழந்தைக்கே சொந்தம் போலக் கிடக்கும். மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் மட்டும் கைக்குழந்தையோடு போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் குழந்தைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் கால்கள்தான். குன்னூரில் சிம்ஸ் பூங்கா. கோத்தகிரிப் பக்கம் தங்கினால் லாங்வுட் சோலை: 116 ஹெக்டேர் பழைய சோலைக்காடு, 2024இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஓடியாட அது ஏற்ற இடம் அல்ல. நாலைந்து வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து மெதுவாக நடந்து, பறவைச் சத்தம் கேட்க வைக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மலை ரயிலிலும் இதே தவறு நடக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறுவதால் மொத்தம் ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், பார்த்தே ஆக வேண்டிய அழகு, எல்லாம் உண்மை. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையை அவ்வளவு நேரம் ஒரு சின்னப் பெட்டிக்குள் உட்கார வைப்பது அதற்கும் பாடு, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பாடு. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். சுரங்கம், பாலம், தேயிலைத் தோட்டம் எல்லாம் அதிலும் உண்டு. முழுப் பயணத்தைப் பிள்ளை எட்டு வயதானதும் வைத்துக்கொள்ளலாம்.

மலைப்பாதையில்

குழந்தைக்கு வாந்தி வரும் என்று பயந்து வெறும் வயிற்றில் கூட்டி வருபவர்கள் உண்டு. மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்ட ஊட்டிவிட்டு ஏறுபவர்களும் உண்டு. இரண்டுமே வாந்தியைக் கூட்டும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அவ்வளவுதான். பாலும் எண்ணெய்ப் பலகாரமும் அப்போது வேண்டாம். உள்காது உடம்பு திரும்புகிறது என்று சொல்ல, கண் ஒன்றும் அசையவில்லை என்று சொல்லும்போது மூளை குழம்புவதால்தான் இந்தக் குமட்டல் வருகிறது. அதனால் குழந்தை சிணுங்கியதும் கையில் செல்போனைத் திணிப்பது மிக மோசமான வைத்தியம். கண்ணாடி வழியே தூரத்து மலையைக் காட்டுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், பாட்டுப் பாடுங்கள். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை அதிகம். மாத்திரை தேவைப்படும் பிள்ளை என்றால் கிளம்பும் முன்பே குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவே கூடாது.

முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வருவதை நிறுத்துங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வந்தால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம். அபராதம் இருக்கட்டும், கொண்டை ஊசி வளைவில் திடீர் பிரேக் போட்டால் உங்கள் கைகளால் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆளுக்கொரு பெல்ட், குழந்தைக்கு அதற்குரிய இருக்கை, அதுவும் பின்னால்.

வண்டியை வளைவில் நிறுத்தி வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. பர்லியார் மாதிரி கடைகளும் இடமும் உள்ள ஊரில் நிறுத்துங்கள். அங்கே குரங்குகள் அதிகம் என்பதால் பழத்தைக் கையில் கொடுத்துக் குழந்தையை இறக்கிவிடாதீர்கள்.

கிளம்பும் முன் வண்டிக்கான இணைய அனுமதியான இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வந்தது. பாஸ் இல்லாமல் சோதனைச் சாவடியில் நிற்கும் நேரத்தில் பின்சீட்டில் பால்குடிக் குழந்தை வெயிலில் வதங்கும். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

குளிர்தானே என்று எண்ணி

குளிர்ச்சியான ஊர் என்பதால் வெயில் சுடாது என்று நினைப்பது தவறு. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புறஊதாக் கதிரின் வீச்சு ஏறத்தாழப் பத்து சதவீதம் கூடும். ஊட்டி இருப்பது 2,240 மீட்டரில். காற்று சில்லென்று வீசுவதால் சூடு தெரிவதில்லை. சாயங்காலம் பார்த்தால் குழந்தையின் கன்னமும் மூக்கும் கன்றிப்போயிருக்கும். விளிம்பு வைத்த தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு க்ரீம் எதுவும் வேண்டாம், நிழல் போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பட்டப்பகலில் குல்லா, கையுறை, கம்பளி எல்லாம் மாட்டி ஓட விடுவார்கள். உள்ளே வியர்த்து நனைந்த துணியோடுதான் மாலையில் குளிர் பிடிக்கும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய துணிகளை அடுக்கிப் போட்டு, கழற்றி மாட்டுங்கள். காலுறை மட்டும் கூடுதலாக எடுத்து வாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை பெய்வது இங்கே வாடிக்கை. காலை பத்து மணியின் நீல வானத்தை நம்பிக் குடையை விடுதியில் வைத்துவிட்டுப் போனவர்கள் மூன்று மணிக்கு மரத்தடியில் ஒதுங்குகிறார்கள். இடி இடிக்கும்போது மரத்தடி கூடாது. காருக்கோ கட்டடத்துக்கோ போய்விட வேண்டும்.

தண்ணீரையும் மறந்துவிடுகிறோம். குளிரில் தாகம் தெரியாது என்பதால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், நாம்தான் நினைவு வைத்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பிளாஸ்க் கொண்டு வாருங்கள். வெந்நீர் வைத்துக்கொண்டால் பால் கலக்கவும் ஆகும்.

அறைக்குள் இருக்கும் ஆபத்துகள்

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். காட்டு விலங்கையும் பள்ளத்தையும் நினைத்துப் பயப்படும் பெற்றோர், பூட்டிய அறையைப் பத்திரம் என்று நம்பிவிடுகிறார்கள்.

இரவில் குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ, மாலையில் பார்பிக்யூ போட்ட கங்குகளையோ அறைக்குள் எடுத்து வந்து, ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்குவார்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். மலை ஊர்களில் இப்படி இறந்தவர்களின் செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. சின்னக் குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அதற்குத்தான் முதலில் பாதிப்பு. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் ஓடினாலும் இதே வாயுதான். அறை எடுக்கும்போதே கீசர் கரண்டா, கேஸா என்று கேளுங்கள். கேஸ் என்றால் குழந்தை குளிக்கும்போது ஓட விடாதீர்கள். முன்பே வாளியில் பிடித்து வைத்து, அணைத்த பிறகு குளிப்பாட்டுங்கள். குளிருக்குக் கூடுதல் கம்பளி கேளுங்கள், கரி வேண்டாம்.

உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எல்லாம் அதற்குக் கீழே. ஆகவே அறைக்குள் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் 'மலை ஒத்துக்கலை' என்று போர்த்திப் படுக்க வைக்காதீர்கள். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள், 108க்குக் கூப்பிடுங்கள்.

அடுத்தது தைலம். ஊட்டியிலும் குன்னூரிலும் கடைக்குக் கடை யூகலிப்டஸ் தைலம் வைத்திருப்பார்கள். சளிக்கு நல்லது என்று வாங்கி அன்றிரவே குழந்தையின் நெஞ்சிலும் மூக்கடியிலும் தேய்ப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு வயதுக்குக் கீழே அதை முகத்தருகே கொண்டு போகவே கூடாது. மூச்சுக்குழாய் இறுகக்கூடும். உள்ளே போனால் சிறு அளவிலேயே வலிப்பு வரலாம். கற்பூரமும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தேய்க்கும் பாட்டிமார் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். பேரப்பிள்ளை மேல் வைத்த அன்பில்தான் அதைச் செய்கிறார்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது மூட்டுவலிக்கென்று விற்கும் விண்டர்கிரீன் தைலம். அதன் ஒரு தேக்கரண்டியில், அதாவது ஐந்து மில்லியில், ஏறத்தாழ ஏழு கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான மருந்து இருக்கிறது. ஒரு சின்னக் குழந்தையின் உயிருக்கு அது போதுமான ஆபத்து. நல்ல வாசனை வேறு. வாங்கினால் அறையின் மேசையிலோ கைப்பையிலோ வைக்காமல் பெட்டிக்குள் பூட்டுங்கள். குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வெளியே

குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கச் சொல்லிக் குழந்தையைப் பழக்காதீர்கள். கையில் தின்பண்டத்தோடு நிற்கும் பிள்ளையின் முகம் குரங்கின் உயரத்துக்கு அருகில் இருக்கிறது. கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசி தேவைப்படும். தேயிலைத் தோட்டத்தில் அசையாமல் நிற்கும் காட்டெருமையைக் கண்டதும் வண்டியிலிருந்து இறங்கிக் குழந்தையை முன்னால் நிறுத்திப் படம் எடுப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அது மேய்கிற மாடு இல்லை. திரும்பினால் நாம் ஓடித் தப்ப முடியாது. குன்னூர், கோத்தகிரி தேயிலைக்குள் கரடியும் சிறுத்தையும் நடமாடுகின்றன. செடி வரிசைக்குள் ஒளிந்து விளையாட விடாதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு குழந்தையோடு நடை வேண்டாம். மசினகுடிப் பக்கம் யாராவது இரவு சஃபாரி என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள், அது சட்டவிரோதம்.

வேலியோரம் மணி மணியாய்த் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூவும் ஆரஞ்சுப் பூவும் பிள்ளைகளின் கண்ணில் உடனே படும். ஊமத்தையின் உறவு அது, முழுச் செடியும் நஞ்சு. பறித்த கையால் கண்ணைக் கசக்கினாலே கருவிழிப் பாப்பா விரிந்து பார்வை மங்கும். ஈரமான சோலையோரத்தில் செந்தட்டி பட்டால் தீப்போல எரியும், அதனால் முழுக்கால் பேண்ட் போட்டுவிடுங்கள்.

படகில் ஏறும்போது பெரியவர்களின் உயிர்காப்பு உடையைக் குழந்தைக்கு மாட்டிவிடுவார்கள். தண்ணீரில் விழுந்தால் அது மேலே நழுவிக் குழந்தை கீழே போய்விடும். தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அந்த அளவு தப்பு, வேறு கேளுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள். அருவிகளில் எதிலும் குழந்தையை இறக்க வேண்டாம். பாறை வழுக்கும், மேலே பெய்த மழை கீழே தெரியாது.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்கோ, படுகர்களின் ஊரான ஹட்டிக்கோ போக நேர்ந்தால், அது மக்கள் வாழும் ஊர் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கோயிலருகே போகும் முன்னும் படம் எடுக்கும் முன்னும் கேட்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

இறங்கும் நாளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கடைசி மணித்துளி வரை இடம் பார்த்துவிட்டு இருட்டில், மழையில் இறங்குகிறார்கள். காலைப் பலகாரம் முடிந்து கொஞ்சம் கழித்துக் கிளம்பினால் மதிய மழைக்கு முன் அடிவாரம் வந்துவிடலாம். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று போலீசார் ஒருவழியாக மாற்றுவது வழக்கம் என்பதால் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏறிய கியரிலேயே இறக்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பி வராதீர்கள். இறங்கும்போது காதடைத்துக் குழந்தை வீறிடும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். விழுங்கினால் காது திறக்கும். மேட்டுப்பாளையத்துக்கு முன்பே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள், சமவெளியின் மே வெயில் அங்கேயே தொடங்கிவிடும்.