பள்ளி ஃபுட்பால் பிரிவுக் கணக்கு: புதிதாகப் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டை நடத்தும் ஏதாவது ஒரு மாநிலச் சங்கம், எந்தப் பள்ளி எந்தப் பள்ளிகளோடு மோதும் என்று பள்ளிகளை மறுபடி பிரிவு பிரித்து அறிவித்தால் போதும், அந்த வாரமே யாராவது ஒரு பெற்றோரோ உதவிக் கோச்சோ எக்செல்லைத் திறந்து "இதைவிட நியாயமான கணக்கு" ஒன்றைப் போட்டுக் காட்டுவார்கள். நல்ல முயற்சிதான். சனிக்கிழமை காலைப் பேப்பரில் 63-0 என்று வரும் ஸ்கோருக்குப் பின்னால் அடிபட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் பலரும் இந்தக் கணக்கில் இறங்குகிறார்கள். ஆனால் விழுகிற இடம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

கூட்டல் பிழை, பழைய ஆண்டுப் பட்டியல், ஒரே பெயரில் இரண்டு பள்ளி போன்றவை தாமாகவே கண்ணில் படும். அவற்றை விட்டுவிடுவோம். இங்கே ஃபுட்பால் என்று சொல்வதெல்லாம் ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால்.

தலையெண்ணிக்கை ஒன்றே போதும் என்று நினைப்பது

டெக்சஸின் பள்ளி விளையாட்டுச் சங்கமான யூ.ஐ.எல். 1ஏ (மிகச் சிறிய பள்ளிகள்) முதல் 6ஏ (மிகப் பெரியவை) வரை ஆறு பிரிவுகளை மாணவர் எண்ணிக்கையை வைத்தே போடுகிறது. குடும்ப வருமானம் அதில் வராது. டாலஸுக்கு வடக்கே, தமிழ்க் குடும்பங்களும் நிறையக் குடியிருக்கும் ஃபிரிஸ்கோவில், ஒரு உயர்நிலைப் பள்ளிக்குச் சுமார் 2,100 பேர் என்ற அளவில் பள்ளிகளைக் கட்டுவதைப் பள்ளி நிர்வாகம் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அதனால் அங்கே பெரும்பாலான பள்ளிகள் 5ஏ பிரிவில் ஆடுகின்றன. டாலஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணி பயிற்சி எடுக்கும், 12,000 பேர் உட்காரக்கூடிய ஃபோர்டு சென்டர் மைதானத்தில் அந்தப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அதே 2,000 சொச்சம் பேர் உள்ள, வசதி குறைந்த ஒரு நகரப் பள்ளியும் அதே பிரிவில்தான் இருக்கும்.

வருமானம் ஆட்டத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சூத்திரம் எழுத உட்காரக் கூடாது. பள்ளி முடிந்ததும் வேலைக்குப் போகும் பையன் பயிற்சிக்கு வரமாட்டான். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவனும் வரமாட்டான். பயிற்சி முடியும் நேரத்தில் பஸ் இல்லையென்றால் கார் இல்லாத வீட்டுப் பிள்ளை நின்றுவிடுவான். கட்டணம் கட்டிச் சிறுவர் லீகில் ஆடி வந்தவர்களுக்கும் ஒன்பதாம் வகுப்பில் முதன்முறையாக ஹெல்மெட் மாட்டுபவர்களுக்கும் உள்ள இடைவெளி ஒரே சீசனில் மூடாது. கடைசியில் 1,200 பேர் படிக்கும் பள்ளியில் முப்பத்தைந்து பேர்தான் தேறுகிறார்கள். தாக்குதலில் ஆடுபவனே தடுப்பிலும் நிற்கிறான். மூன்றாம் குவார்ட்டரில் கால் ஓய்கிறது, காயம் வருகிறது. காயம் பட்டவனின் இடத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பையனைச் சீனியர்களுக்கு எதிரே லைனில் நிறுத்துகிறார்கள். ஆளில்லாமல் ஜூனியர் வார்சிட்டி எனும் இளையோரின் இரண்டாம் அணி அட்டவணை ரத்தாகிறது. அங்கே ஆடிப் பழகியிருந்தால்தான் அடுத்த ஆண்டு அணி தேறும்.

இலவச உணவு எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது

எல்லாத் தவறுகளிலும் விலை அதிகமானது இதுதான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடுத்த பட்டியலிலும் வந்து நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளியின் வறுமையை அளக்க மினசோட்டா சங்கம் மதிய உணவு எண்ணை எடுக்கிறது. கணக்கு எளிது. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர்களில் 40 சதவீதத்தை மொத்த எண்ணிக்கையிலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சும் எண்ணை வைத்துப் பிரிவு போடுகிறார்கள். அயோவா 2023 சீசன் முதல் ஃபுட்பாலுக்கு இதே 40 சதவீத முறைக்கு வந்தது. ஒரெகன், வாஷிங்டன் மாநிலங்களும் வறுமையைத் தத்தம் வழியில் கணக்கில் சேர்க்கின்றன.

கழித்தல் எளிது. கழிக்கிற எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல். அடிப்படை விதிப்படி குடும்ப வருமானம் கூட்டரசு வறுமைக் கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் உணவு இலவசம், 185 சதவீதத்துக்குள் இருந்தால் சலுகை விலை. 2024-25 கல்வி ஆண்டில் நான்கு பேர் குடும்பத்துக்கு அது முறையே 40,560 டாலர், 57,720 டாலர். பெற்றோர் படிவம் நிரப்பித் தர வேண்டும். அரசின் உணவு உதவியான ஸ்நாப் போன்ற திட்டங்களில் ஏற்கெனவே உள்ள வீட்டுப் பிள்ளைகள் படிவம் இல்லாமல் நேரடியாகச் சேர்க்கப்படுவார்கள்.

2014-15 முதல் நாடு முழுவதும் சி.இ.பி. என்ற ஏற்பாடு வந்தது. நேரடியாகச் சேர்க்கப்பட்டவர்கள் ஒரு பள்ளியில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், படிவமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடலாம். 2023 அக்டோபரில் அந்த வரம்பு 25 சதவீதமாக இறங்கியது. பிள்ளைகளுக்கு இது மிக நல்லது. கணக்குப் போடுபவருக்கோ அந்தப் பள்ளியின் வறுமை எண் அன்றோடு காணாமல் போகிறது. சில பட்டியல்களில் அந்தப் பள்ளிக்கு 100 சதவீதம் என்று இருக்கும், சிலவற்றில் கட்டம் காலியாக இருக்கும், சிலவற்றில் நேரடிச் சேர்க்கை எண் மட்டும் இருக்கும்.

1,200 மாணவர்கள், நேரடிச் சேர்க்கை 38 சதவீதம் உள்ள ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். வரம்பு 40 ஆக இருந்தபோதே பக்கத்துப் பள்ளிகளோடு சேர்த்து சராசரி காட்டிச் சி.இ.பி.க்குள் வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள 100 சதவீதத்தை நம்பினால் 480 கழிந்து 720 மிஞ்சும். கட்டம் காலியாக இருந்து எக்செல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் 1,200 அப்படியே நிற்கும். நேரடிச் சேர்க்கை 456 பேரை மட்டும் எடுத்தால் 182 கழிந்து 1,018. உணவுச் செலவைத் திருப்பித் தர அரசு பயன்படுத்தும் 1.6 என்ற பெருக்கலை வைத்தால் 38 சதவீதம் 60.8 ஆகி, 908 மிஞ்சும். பள்ளியும் பிள்ளைகளும் மாறவில்லை, ஆனால் 720 முதல் 1,200 வரை நான்கு விடைகள் கிடைத்துவிட்டன. அவ்வளவு இடைவெளியில் இரண்டு பிரிவுக் கோடுகள்கூட விழலாம்.

மேலே சொன்ன "பக்கத்துப் பள்ளிகளோடு சேர்த்து" என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு பள்ளி மாவட்டம் தன் பள்ளிகளைக் குழுவாகச் சேர்த்து ஒரே சதவீதம் காட்ட விதி இடம் தருகிறது. நகரின் வசதியான பக்கத்துப் பள்ளிக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் ஒரே எண் இருந்தால் அது குழு எண் என்று புரிந்துகொள்ளுங்கள். அதை வைத்துக் கழித்தால் வசதியான பள்ளி இலவசமாக ஒரு பிரிவு கீழே இறங்கிவிடும்.

மினசோட்டாவே 2023-24 முதல் மாநிலம் முழுவதும் எல்லோருக்கும் இலவச உணவு தருகிறது. படிவம் தந்தாலும் தராவிட்டாலும் தட்டில் சாப்பாடு விழும் என்றால், எத்தனை பெற்றோர் அதை நிரப்புவார்கள்? அலுவலகத்தில் ஆள் வைத்துப் படிவத்தை விரட்டி வாங்கும் பள்ளியின் எண் ஏறும், விரட்ட ஆளில்லாத பள்ளியின் எண் இறங்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான் ஏழைப் பள்ளி. 2020 முதல் 2022 ஜூன் வரை கோவிட் சலுகையில் நாடெங்கும் இலவச உணவு தரப்பட்டபோதும் இதுவேதான் நடந்தது. அந்த ஆண்டுகளின் எண்ணை அடிப்படையாக எடுத்த கணக்கு எதையும் நம்ப வேண்டாம்.

இன்னொரு ஓட்டை உயர்நிலைப் பள்ளிகளுக்கே உரியது. பதினாறு வயதுப் பையன் கூச்சப்பட்டுப் படிவத்தை வீட்டுக்கே கொண்டுபோக மாட்டான். அதே வீட்டுத் தம்பி தொடக்கப் பள்ளியில் பட்டியலில் இருப்பான். குடியேறிய குடும்பங்கள் பலருக்கு ஸ்நாப் தகுதி இல்லை, தகுதி இருந்தாலும் பெயர் கொடுக்கப் பயம். நேரடிச் சேர்க்கை எண் அவர்களைத் தவறவிடுகிறது.

செய்ய வேண்டியது இது. மாநிலக் கல்வித் துறையிடம் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக நேரடிச் சேர்க்கைத் தலையெண்ணிக்கை கேளுங்கள். குழு சதவீதம் கொடுத்தால் ஏற்காதீர்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் அந்த ஒரே அளவையே வையுங்கள். பாதிக்குப் படிவ எண், பாதிக்கு நேரடி எண் என்று கலந்தால் கணக்கே வீண். மூன்று ஆண்டுச் சராசரி எடுங்கள். பிறகு அந்த உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தொடக்கப் பள்ளிகளின் சதவீதத்தோடு ஒப்பிடுங்கள். வறுமைப் பகுதிப் பள்ளிகளுக்கான டைட்டில் ஒன் நிதியைப் பிரிக்கும்போது இப்படிப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிகளை வைத்து மதிப்பிடக் கூட்டரசே அனுமதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் தெரிந்தால் தொடக்கப் பள்ளி எண்ணே உண்மைக்குப் பக்கம்.

மூன்று வகுப்பிலிருந்து நான்கு வகுப்பைக் கழிப்பது

அயோவா 9 முதல் 11 வரை உள்ள வகுப்புகளை எண்ணுகிறது, டெக்சஸ் 9 முதல் 12 வரை. உணவு எண் பெரும்பாலும் முழுப் பள்ளிக்கும் சேர்த்தே வரும். நான்கு வகுப்பில் 1,200 பேர், அதில் 600 பேர் தகுதி பெற்றவர்கள் என்றால் 240 கழியும். மூன்று வகுப்பின் 900லிருந்து அதைக் கழித்தால் 660. அந்த மூன்று வகுப்பில் தகுதி பெற்றவர்கள் 450 என்றால் கழிய வேண்டியது 180தான், சரியான விடை 720. தலையை எண்ணிய அதே வகுப்புகளிலேயே உணவு எண்ணையும் எடுக்க வேண்டும்.

50 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் கழிப்பது

வேண்டாம். 49க்கும் 51க்கும் நடுவே ஒரு பிரிவே மாறிவிடும்.

வித்தியாசத்தைப் பார்த்து விகிதத்தை விடுவது

"இரண்டு பள்ளிக்கும் 150 பேர்தானே வித்தியாசம்" என்பார்கள். 150க்கும் 300க்கும் நடுவே அது இரட்டிப்பு. 2,850க்கும் 3,000க்கும் நடுவே அது தெரியக்கூடத் தெரியாது. களத்தில் நிற்பது பதினொரு பேர்தான். ஒரு அளவுக்கு மேல் கூடுதல் மாணவர்களால் வரும் பலன் சுருங்கிக்கொண்டே போகும். டெக்சஸ் 6ஏ பிரிவில் 2,200 சொச்சம் உள்ள பள்ளியும் ஆலன் போல 5,000ஐத் தாண்டிய பள்ளியும் ஒன்றாக இருக்கின்றன. சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் மட்டும், டிஸ்ட்ரிக்ட் எனும் ஒவ்வொரு அணிக் குழுவிலிருந்தும் வரும் நான்கு அணிகளில் பெரிய இரண்டை ஒரு டிவிஷனிலும் சிறிய இரண்டை இன்னொன்றிலும் விடுகிறார்கள். சிறிய பள்ளிகளின் பக்கம் ஒரு பிரிவுக்குள் விகிதம் இரண்டைத் தாண்டாமல் பாருங்கள். பெரிய பள்ளிகளின் பக்கம் கவலையை வருமானத்துக்குத் திருப்புங்கள், வித்தியாசத்தை அங்கே அதுதான் உண்டாக்குகிறது.

மேலே ஏறுகிறவர்களை மறப்பது

அயோவாவில் 2021ல் மிகப் பெரிய பள்ளிகளுக்கு 5ஏ பிரிவு வந்தபோது அதில் 36 பள்ளிகள் என்று வைத்தார்கள். இடம் இத்தனை என்று முடிவான பிரிவில் ஒரு பள்ளி கீழே இறங்கினால் இன்னொன்று மேலே ஏறியே ஆக வேண்டும். ஏறுவது பெரும்பாலும் புறநகர்ப் பள்ளியாகவோ வறுமை எண் குறைவான சிறுநகரப் பள்ளியாகவோ இருக்கும். இறங்குகிறவர்களின் பட்டியலை மட்டும் கொண்டுபோனால் கூட்டத்தில் முதல் கேள்வியிலேயே கணக்கு கவிழும். இரண்டு பட்டியலும் ஒரே தாளில் இருக்கட்டும்.

பிளேஆஃபை மட்டும் சரிசெய்வது

கஷ்டப்படும் அணி பிளேஆஃபில் ஆடுவது பெரும்பாலும் ஒரே ஆட்டம். அடி வாங்குவது அதற்கு முந்தைய எட்டு, ஒன்பது வாரங்களில். மினசோட்டாவில் 2015 முதல் ரெகுலர் சீசன் அட்டவணையைத் தனி டிஸ்ட்ரிக்ட் முறையில் போடுகிறார்கள், பிளேஆஃப் பிரிவு வேறு. உங்கள் மாநிலத்திலும் இரண்டும் தனித்தனி என்றால், பிரிவை மாற்றிவிட்டு அட்டவணையைத் தொடாமல் இருப்பது பாதி வேலைகூட இல்லை.

வெற்றிப் புள்ளியை வறுமைக் கணக்குக்கு மாற்றாக வைப்பது

இந்தியானா, 2012ல் ஏற்ற விதிப்படி, தொடர்ந்து ஜெயிக்கும் பள்ளியைப் புள்ளி வைத்து மேலே ஏற்றுகிறது. உச்சியில் இருப்பவர்களை அது நகர்த்தும். ஆண்டு முழுக்கத் தோற்கிற அணிக்கு அதனால் எதுவும் கிடைக்காது.

தனியார் பள்ளிக்கு ஒரே பெருக்கல்

இல்லினாய் 2005ல் எல்லைக் கட்டுப்பாடு இல்லாத பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்க வேண்டும் என்று வைத்தது, அலபாமா 1.35 என்று வைத்தது. ஊரெங்கும் இருந்து ஆட்களைச் சேர்க்கும் பெரிய கத்தோலிக்கப் பள்ளிக்கு அது பொருந்தும். பத்தாண்டாகத் தோற்கும் சின்ன மதப் பள்ளிக்கு அது தண்டனை. இல்லினாய் பின்னர் விலக்கும் கொண்டுவந்தது. உணவுத் திட்டத்தில் சேராத தனியார் பள்ளிக்கு வறுமை எண் பூஜ்யம் என்றே வரும், உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைகள் அதில் தெரிய மாட்டார்கள். அவர்களைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

40 சதவீதத்தைக் கண்ணை மூடி எடுப்பது

மினசோட்டாவுக்குப் பொருந்திய எண் உங்கள் மாநிலத்துக்கும் பொருந்தும் என்று எந்த விதியும் இல்லை. கடந்த ஐந்து சீசன் ஸ்கோர்களை எடுங்கள், கோவிட் ஆண்டை விட்டுவிடுங்கள். 0, 20, 30, 40, 50 என்று ஒவ்வொரு சதவீதத்துக்கும் பிரிவுகளை மறுபடி போட்டு, ஒரே பிரிவுக்குள் நடந்த ஆட்டங்களில் 35 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். வறுமை எண் அதிகமான கால் பங்குப் பள்ளிகளுக்கு அதே எண்ணிக்கையைத் தனியாக எடுங்கள், மொத்தச் சராசரிக்குள் அவர்கள் நிலை மறைந்துவிடும். கூடவே ஒவ்வொரு பள்ளியும் சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் எத்தனை பேரைச் சீருடையில் இறக்கியது என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். முப்பத்தெட்டில் தொடங்கி இருபத்திரண்டில் முடித்த பள்ளி, எந்தச் சதவீதத்தில் எந்தப் பிரிவில் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள்.