உழவர் சந்தையில் காய்கறி வாங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

உழவர் சந்தைக்குப் புதிதாகப் போகிறவர்களில் பலர் வீட்டிலிருந்தே பட்டியல் எழுதிக்கொண்டு வருகிறார்கள். பீன்ஸ் அரைக் கிலோ, கேரட் அரைக் கிலோ, காலிஃபிளவர் ஒன்று. இப்படி வருவதானால் தெருமுனைக் கடையே போதும். சந்தையில் அன்றைக்கு எது குவிந்திருக்கிறதோ அதை வாங்கிவிட்டு, அதை வைத்து என்ன சமைப்பது என்று பிறகு முடிவு செய்ய வேண்டும். குவிந்து கிடக்கும் காய்தான் பருவத்துக் காய். விலையும் அதற்குத்தான் இறங்கியிருக்கும்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதற்காக விவசாயிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கடைக்கு வாடகை வாங்குவதில்லை. சந்தை வாசலுக்கு வெளியே சாலையோரம் விற்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களிடம் வாங்குவது தவறில்லை, ஆனால் அதை உழவர் சந்தை விலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

1. கிளம்புவதற்கு முன்

விடியற்காலையிலேயே வியாபாரம் தொடங்கிவிடும். கீரைக்கு ஏழு மணிக்குள் போவது நல்லது. பத்து மணிக்கு மேல் போனால் சில காய்கள் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் பொறுக்கி எடுத்த மிச்சம்தான் இருக்கும். துணிப்பை இரண்டு, கீரைக்கென்று தனியாக ஒன்று, கொஞ்சம் சில்லறை. வேறொன்றும் வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது? ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உருளை, மரவள்ளி போன்ற கிழங்குகள் இதில் சேராது. நால்வர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்குப் பதினோரு கிலோவுக்குச் சற்று மேலே வரும். நம்மில் பெரும்பாலோர் இதில் பாதிகூட வாங்குவதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2. முதலில் பலகை, பிறகு ஒரு சுற்று

நுழைந்ததும் விலைப் பலகையைப் படியுங்கள். மொத்தச் சந்தை விலைக்கு மேலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழாகவும் இருக்கும்படி அன்றாடம் விலையை நிர்ணயித்து எழுதுகிறார்கள். அதனால் இங்கே பேரம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பலகை விலைக்கு மேல் கேட்டால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

பிறகு எதையும் வாங்காமல் ஒரு சுற்று வாருங்கள். ஒரே ஒரு காயையோ, இரண்டு மூன்று காய்களையோ மட்டும் வைத்திருப்பவர் பெரும்பாலும் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தவர். பத்து வகையையும் அடுக்கி வைத்திருப்பவரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். “அக்கா, எந்த ஊர்? எப்போது பறித்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். சொந்தத் தோட்டத்துக்காரர் “நேற்றுச் சாயங்காலம்” என்று சட்டென்று சொல்லிவிட்டு, எப்படிச் சமைத்தால் நன்றாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வார்.

3. கையில் எடுத்துப் பார்ப்பது

வெண்டைக்காய்: நுனி பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். இது எல்லோருக்கும் தெரியும், சிக்கலும் அதுதான். ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களால் விற்பவருக்கு அரைக்கூடை வீண். ஒன்றை ஒடித்துப் பாருங்கள், மீதியை அளவிலும் நிறத்திலும் பார்த்துப் பொறுக்குங்கள். விரல் நீளத்துக்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள்.

கத்தரிக்காய்: காம்பைப் பாருங்கள். பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருந்தால் புதிது; பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் பழையது. ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதில் விதை அதிகம் இருக்கும். ஊசி நுழைகிற அளவு ஓட்டை இருந்தாலும் உள்ளே புழு இருக்கும், வைத்துவிடுங்கள்.

முருங்கைக்காயை இரு முனையிலும் பிடித்து லேசாக முறுக்குங்கள். இணங்கி வளைந்தால் சதைப்பற்று இருக்கும். விறைப்பாக நின்றால் நார்தான் மிஞ்சும். சுரைக்காயின் தோலில் மெல்லிய பூனைமுடி தெரிந்தால் பிஞ்சு. வீட்டில் நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் சமைக்காமல் தூக்கிப் போடுங்கள், கசக்கும் சுரைக்காய் உடம்புக்குக் கேடு. உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்திருந்தாலும் வேண்டாம்.

சேனைக்கும் கருணைக்கும் மட்டும் விதி தலைகீழ். புதிதாகத் தோண்டியது நாக்கை அரிக்கும். நாள்பட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

கீரையில் சிறுசிறு ஓட்டைகள் இருந்தால் மருந்து அடிக்காதது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை அப்படியே ஏற்க முடியாது. மருந்து அடிப்பதற்கு முன்பே பூச்சி தின்றிருக்கலாம். நான் பார்ப்பது வேரை. மண் ஒட்டி ஈரமாக இருக்கிற வேரோடு கட்டியிருந்தால் பறித்து அதிக நேரமாகவில்லை. கட்டின் நடுவை விரித்துப் பாருங்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்த கீரை வெளியே பளபளப்பாகவும் உள்ளே அழுகியும் இருக்கும்.

4. எடையும் வரிசையும்

தராசில் காயை வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை போதும். கிழங்கு, பூசணி, வெங்காயத்தை முதலில் வாங்குங்கள். தக்காளியும் கீரையும் கடைசியில். வரிசை மாறினால் வீட்டுக்குப் போய்ச் சேர்வது தக்காளி ரசம்.

5. வீட்டுக்கு வந்த பிறகு

எல்லாவற்றையும் உடனே கழுவி அடுக்காதீர்கள். ஈரத்தோடு வைத்தால் சீக்கிரம் அழுகும். சமைக்கும்போது கழுவினால் போதும். கீரையை வேரை வெட்டிவிட்டு, பழுத்த இலைகளை நீக்கி, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். முள்ளங்கி வாங்கினால் இலையை உடனே தனியாக வெட்டுங்கள். விட்டுவைத்தால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்து அதை வாடவைத்துவிடும். அந்த இலையையும் எறிய வேண்டாம், பாசிப்பருப்போடு பொரியல் செய்யலாம். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாமல் காற்றோட்டமான இடத்தில் தனித்தனியாக வையுங்கள். செங்காயாக இருக்கிற தக்காளியை வெளியிலேயே பழுக்கவிட்டால் ருசி கெடாது.