ஏர் ஃப்ளோ மீட்டரை மாற்றச் சொன்னால், முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

பெரியப்பா வைத்திருந்த 1989 பி.எம்.டபிள்யூ 318ஐ இப்போது கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஐடிலில் (காலை எடுத்துவிட்டு நிற்கும்போது) ஒழுங்காக ஓடும், முழுசாக மிதித்தாலும் போகும், ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு போனால் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். காட்டிய இடத்தில், என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கிவிடலாம். மாற்றவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே சரிசெய்தேன்.

இப்போதைய வண்டிகளின் சூடான கம்பி வகை வேறு. இது பாஷ் கம்பெனியின் எல்-ஜெட்ரானிக், மோட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்புகள் வைத்த பழைய வண்டிகளில் வரும் கதவு வைத்த மீட்டர். என்ஜின் இழுக்கும் காற்று கதவைத் தள்ளும், கதவின் தண்டில் இருக்கும் சின்னக் கை ஒரு கருப்புத் தடத்தின் மேல் உரசிக்கொண்டு நகரும், அங்கே கிடைக்கும் வோல்டேஜைப் பார்த்துத்தான் இசியூ என்ற என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளக்கும். வருஷக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடினால் தடம் ஒரே இடத்தில் தேயும். என் வண்டியின் வெட்டு அங்கேதான் இருந்தது.

ஆனால் மீட்டரைக் கழற்றும் முன் ரப்பர் குழாயைப் பாருங்கள். மீட்டருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் அந்த மடிப்புக் குழாய் அடிப்பக்கம்தான் வெடிக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, கழற்றி மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு சோதனை: ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள், என்ஜின் தடுமாற வேண்டும். ஒன்றுமே ஆகவில்லை என்றால் வேறெங்கோ ஏற்கெனவே காற்று புகுந்துகொண்டிருக்கலாம், அதை அடைக்காமல் மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, குழாய் நன்றாக இருக்கிறது. சாவியை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். கம்பிக் கிளிப் துள்ளி எங்காவது விழும், ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டரை வெளியே எடுத்து விரலால் கதவைத் தள்ளினால் வழவழவென்று போய்த் தானாகத் திரும்ப வேண்டும். சிக்கினால் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும்தான், இந்தப் பக்கம் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிக்கு அது சகஜம். துணியில் கிளீனர் நனைத்துத் துடைத்தால் போதும். எல்பிஜி கிட் போட்ட வண்டியா? பேக் ஃபயர் (காற்றுக் குழாய்க்குள் வெடிப்பு) அடித்துக் கதவே வளைந்திருக்கலாம், அப்படியானால் பழுது பார்க்க மெனக்கெட வேண்டாம், பெங்களூர் ஜே.சி. ரோடு பக்கம் பழைய மீட்டர் தேடுங்கள்.

அடுத்தது மின்சாரச் சோதனை. ஓம்ஸ் (மின்தடை) மட்டும் பார்த்தால் குழம்பும், சில மீட்டர்களில் அது நேராக ஏறாது. தடத்தின் இரண்டு முனைகளுக்கும் 5 வோல்ட் கொடுங்கள், பழைய மொபைல் சார்ஜர் ஒயரை வெட்டினால் கிடைத்துவிடும். பிளக்கில் எந்தப் பின் தடத்தின் முனை, எது அந்தச் சின்னக் கை என்பதை உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னக் கையின் பின்னுக்கு நேராக 5 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். இப்போது சின்னக் கையின் பின்னில் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே கதவை மிக மெதுவாகத் திறங்கள். சில மாடலில் ஏறும், சிலதில் இறங்கும், எதுவானாலும் நடுவில் குதிக்கக் கூடாது. முள் வைத்த மல்டிமீட்டர் இருந்தால் அதுதான் இதற்கு நல்லது, டிஜிட்டல் அந்த ஒரு நொடித் துடிப்பை விழுங்கிவிடும். காற்று வெப்ப சென்சாரும் இதே பிளக்கில்தான் இருக்கும், 20 டிகிரியில் சுமார் 2 முதல் 3 கிலோ ஓம், சூடு ஏற ஏறக் குறையும்.

முள் துடித்தால் கருப்பு மூடியைத் திறக்க வேண்டியதுதான். மெல்லிய பிளேடால் சுற்றிலும் பசையை அறுத்து நிதானமாக நெம்புங்கள். உள்ளே பல் வைத்த ஒரு சக்கரம் தெரியும், ஸ்பிரிங்கின் இறுக்கம் அதில்தான் இருக்கிறது, அதைத் தொடவே தொடாதீர்கள். மைலேஜ் வரும் என்று அதைத் திருப்பிவிடுகிறவர்கள் நிறைய. கைதவறி நகர்ந்தால் பழைய இடம் தெரிய வேண்டும், அதனால் முதல் வேலையாக நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

தடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், கார்புரேட்டர் கிளீனர் இங்கே வேண்டாம். பளபளவென்று கோடு விழுந்திருந்தால் சின்னக் கையின் நுனியைப் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் வளையுங்கள், தேயாத தடத்தில் அது ஓடும். அழுத்தம் கூடினால் புதுத் தடமும் சீக்கிரம் போய்விடும், எனவே பக்கவாட்டில் மட்டும். மறுபடி 5 வோல்ட் சோதனை, அப்புறம் மூடி. மூடியை ஒட்டும் சிலிக்கோன் பசை வினிகர் மாதிரி புளித்த வாடை அடித்தால் அது வேண்டாம், உள்ளே செம்பை அரிக்கும்.

ஓட்டிப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் தொப்பூர், சேலம் பக்கமிருந்து தருமபுரிக்கு ஏறும்போது மூன்றாவது கியரில் காலை ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள், வெட்டு இருந்தால் அங்கே ஒளிய முடியாது. ஐடில் கலவை திருகு மீட்டரின் பக்கத்திலேயே இருக்கும், உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். அதைக் காதால் சரிசெய்யாமல் புகைச் சோதனை மையத்தில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) அளவைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். என் வண்டிக்கு அரைச் சுற்றுதான் தேவைப்பட்டது.