தீக்குச்சி வைத்து ஒரு கடற்போரைப் படிப்பது எப்படி: நாகப்பட்டினம், 1782

பாய்மரக் காலத்துப் போர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் பக்கத்திலேயே குழம்பிப் போகிறார்கள். எந்தக் கப்பல் எங்கே நின்றது, ஏன் திரும்பியது, பக்கத்தில் இருந்த கப்பல் ஏன் உதவிக்கு வரவில்லை என்று எதுவும் பிடிபடாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. கப்பல்களை விட்டுவிட்டு முதலில் காற்றை வரைந்த நாளில்தான் எல்லாம் துலங்கியது. அதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

பழகுவதற்கு நம் கரையோரத்திலேயே நடந்த ஒரு போரை எடுத்துக்கொள்வோம். 1782 ஜூலை 6, நாகப்பட்டினத்துக்கு எதிரே உள்ள கடல். ஒரு பக்கம் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன், மறுபக்கம் பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் ஹியூஸ். டச்சுக்காரர்களிடம் இருந்த நாகப்பட்டினத்தை 1781 நவம்பரில் ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். அதைத் திருப்பிப் பிடிக்க சுஃப்ரன் வந்தார். நிலத்தில் அவருடைய கூட்டாளி ஹைதர் அலி.

தேவையானவை

பெரிய வெள்ளைத் தாள் ஒன்று, பென்சில், கோணமானி, எண்ணெய்த்தாள் ஒரு துண்டு, 22 தீக்குச்சிகள், ஒரு காசு. அன்று இரு தரப்பிலும் வரிசையில் நின்று போரிட்டவை 11, 11 கப்பல்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது. முந்தின நாள் சூறைக்காற்றில் பாய்மரங்கள் முறிந்துபோனதால் அது போருக்கு வரவில்லை. 11 குச்சிகளின் உடம்பில் மை பூசிக்கொள்ளுங்கள், அவை பிரெஞ்சுக் கப்பல்கள். குச்சியின் மருந்துத் தலைதான் கப்பலின் முன்பக்கம். தொடங்கும் முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

படி 1: கரையும் காற்றும்

தாளின் மேல்பக்கம் வடக்கு. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டால் அதுதான் கரை. அடுத்தது காற்று. காற்றுக்கு அது எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் பெயர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று நம்மிடம் நான்கு பெயர் உண்டே, அதே கணக்குதான். அன்று காலை வீசியது தென்மேற்குக் காற்று. ஆகவே தாளின் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலையைப் பார்த்து ஒரு அம்புக்குறி போடுங்கள். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் பின்னால் வருவது எல்லாமே தப்பாகிவிடும். ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபாருங்கள்.

படி 2: போக முடியாத கோணம்

இதுதான் முக்கியமான படி, நிதானமாகச் செய்யுங்கள். குறுக்குப் பாய் கட்டிய போர்க்கப்பலால் காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. திசைகாட்டியை அக்காலத்தில் 32 பங்காகப் பிரித்திருந்தார்கள். காற்று வரும் திசையிலிருந்து சுமார் ஆறு பங்கு, அதாவது 67½ பாகை, விலகினால்தான் பாய் காற்றைப் பிடிக்கும். இடப்பக்கம் 67½, வலப்பக்கம் 67½, ஆக 135 பாகை அந்தக் கப்பலுக்கு மூடிய கதவு.

எண்ணெய்த்தாளில் 135 பாகைக்கு ஒரு விசிறி வடிவம் வெட்டி, நடுவில் ஒரு கோடு போடுங்கள். விசிறியின் முனை கப்பல் இருக்கும் இடம். நடுக்கோடு காற்று வரும் மூலையைப் பார்க்க வேண்டும், நம் தாளில் அது கீழ் இடது மூலை. இப்போது குச்சியின் வாலை விசிறியின் முனையில் வையுங்கள். தலை விசிறிக்குள் விழுந்தால் அந்தத் திசையில் கப்பல் போகாது.

நடுக்கோட்டைச் சரியாகத் திருப்பியிருந்தால், விசிறியின் ஒரு விளிம்பு தென்-தென்கிழக்கைக் காட்டும். நேர் கீழிலிருந்து வலப்பக்கமாக 22½ பாகை சாய்ந்த திசை அது. அன்று காலை இரு படைகளும் போய்க்கொண்டிருந்தது அந்தத் திசையில்தான். எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு காற்றை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதை இந்த விளிம்பே காட்டிவிடுகிறது.

படி 3: இரண்டு வரிசை

பீரங்கிகள் கப்பலின் இரு பக்கங்களிலும்தான் இருக்கும். அதனால்தான் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டினார்கள். ஒரு விரல் இடைவெளி விட்டு, தென்-தென்கிழக்கைப் பார்த்து மை பூசாத 11 குச்சிகளை வையுங்கள். அவற்றுக்குக் கிழக்கே, இணையாக, மை பூசிய 11.

பிரிட்டிஷ் வரிசை காற்று வரும் பக்கத்தில் இருக்கிறதா? சரி. அந்தப் பக்கம் கிடைத்தவருக்குத்தான் எப்போது நெருங்குவது என்று முடிவெடுக்கும் வசதி. சுடும் புகையும் எதிரி பக்கமாகப் போகும். காற்று போகும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு லாபம் உண்டு, தோற்றால் காற்றோடு ஓடிவிடலாம். காலை 11 மணி வாக்கில் சுடத் தொடங்கினார்கள்.

படி 4: காற்றைத் திருப்புங்கள்

பகல் பன்னிரண்டரை மணி அளவில் காற்று திடீரென்று தென்-தென்கிழக்குக்கு மாறியது. விசிறியின் நடுக்கோட்டை அந்தத் திசைக்குத் திருப்பி, எந்தக் குச்சியின் வாலில் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். தலை நேராக நடுக்கோட்டின் மேல் விழும். 22 கப்பல்களுக்கும் ஒரே நேரத்தில் எதிர்க்காற்று. பாய்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், கப்பல் நிற்கும், அப்புறம் முன்பக்கம் ஏதோ ஒரு பக்கமாகச் சரியும்.

ஒவ்வொரு குச்சிக்கும் காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் இடம், பூ விழுந்தால் வலம் திருப்புங்கள். உண்மையில் எந்தக் கப்பல் எப்படித் திரும்பியது என்பதை இது காட்டாது. ஆனால் இரண்டு நேர்கோடுகள் நிமிஷத்தில் சிதறுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். அன்றும் வரிசைகள் அப்படித்தான் குலைந்தன. 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பல் பிரிட்டிஷ் கப்பல்கள் பக்கம் திரும்பி, 'சுல்தான்' என்ற கப்பலிடம் மாட்டிக்கொண்டது.

செவேரின் தலைவர் சரணடைவதற்காகக் கொடியை இறக்கச் சொன்னார். கொடி இறங்கியது. ஆனால் அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள் பணிய மறுத்து, மறுபடியும் சுடத் தொடங்கினார்கள். கப்பல் தப்பி வரிசைக்குத் திரும்பியது. சரணடைந்த கப்பலை ஒப்படைக்க வேண்டும் என்று மறுநாள் வெள்ளைக்கொடியோடு ஹியூஸ் ஆள் அனுப்பினார். கொடிக்கயிறு குண்டுபட்டு அறுந்துதான் கொடி விழுந்தது என்று பிரெஞ்சுத் தரப்பு பதில் சொன்னது. அந்தத் தலைவரை சுஃப்ரன் பதவியிலிருந்து நீக்கினார். இந்தப் போரில் என் மனசில் அதிகம் தங்கியது அந்தச் சில நிமிஷங்கள்தான். மேல்தளத்தில் தலைவர் ஒன்று சொல்கிறார், பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவன் வேறு முடிவெடுக்கிறான்.

படி 5: யார் ஜெயித்தது?

பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் இறந்தார்கள், 601 பேர் காயம்பட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 77, காயம்பட்டவர்கள் 233. நாகப்பட்டினமும் கைமாறவில்லை. அன்றைய கணக்கில் சுஃப்ரனுக்குத் தோல்வி. ஆனால் இங்கே பென்சிலைக் கீழே வைத்துவிடாதீர்கள். இன்னொரு தாள் எடுத்து சென்னை, கடலூர், நாகப்பட்டினம், திரிகோணமலை நான்கையும் குறியுங்கள். சென்னைக்கும் கடலூருக்கும் அப்போது கட்டிய துறைமுகம் கிடையாது, திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். பெருங்கப்பல்கள் பாதுகாப்பாக ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இருந்தது திரிகோணமலையில் மட்டும். அதை அந்த ஜனவரியில்தான் ஹியூஸ் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்திருந்தார்.

சுஃப்ரன் கடலூருக்குப் போனார். சிறிய கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் பொருத்தினார். ஜூலை 26-ல் ஹைதர் அலியைச் சந்தித்தார். ஆகஸ்டில் கிளம்பினார். ஹியூஸ் சென்னையில் பழுதுபார்த்து முடித்து, செப்டம்பர் 2 மாலை திரிகோணமலைக்கு வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் கடைசியிலேயே அது சரணடைந்துவிட்டது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஜெயித்தது யார் என்ற கேள்விக்கு இரண்டு விடை கிடைக்கும்.

அடுத்த பயிற்சி

1783 ஜூன் 20, கடலூர். பிரெஞ்சு 15, பிரிட்டிஷ் 18. மேற்குக் காற்று, இந்த முறை காற்றுப் பக்கம் சுஃப்ரனுக்கு. நீங்களே வரைந்து பாருங்கள். தாளின் ஓரத்தில் இன்னொரு தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்: 1783 ஜனவரி 20. இரு நாடுகளும் ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்ட நாள் அது. செய்தியைச் சுமந்துவந்த கப்பலும் காற்றை நம்பித்தானே வரவேண்டும். அது கடலூருக்கு வந்து சேர்ந்தபோது ஜூன் 29.