சாட்டிலைட் போன் அலமாரியில் இருந்தால் போதாது
அவசரத்துக்கென வாங்கிய சாட்டிலைட் போன் காலை வாரினால் செயற்கைக்கோளைத் திட்டாதீர்கள். முதலில் பேட்டரியையும் சிம்மின் காலாவதித் தேதியையும் பாருங்கள். மாதம் ஒருமுறை வெட்டவெளியில் நின்று, ஆன்டெனாவை முழுக்க நீட்டி, ஒரு அழைப்பாவது பேசிப் பாருங்கள். ஜன்னலோரத்தில் முயல்வது பெரும்பாலும் வீண். எண்களை + குறி, நாட்டுக் குறியீட்டோடு சேமியுங்கள்.

கட்டுப்பாட்டு அறைக்கு டிஷ் வைப்பவர்களுக்கு: கே.யு. பேண்ட் (டிஷ்கள் பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலைவரிசை) சிக்னல் கனமழையில் மங்கும். அதாவது, சரியாகப் புயலன்றுதான்! எல் பேண்ட் (குறைந்த அதிர்வெண் அலைவரிசை) சாட்டிலைட் போன் ஒன்றை மாற்றாக வையுங்கள்; மழை அதை அவ்வளவாகப் பாதிக்காது. சுமார் 36,000 கி.மீ. உயரச் செயற்கைக்கோள் வழியாகக் குரல் போய்ச்சேரக் கால் நொடி ஆகும். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்லப் பழக்குங்கள், இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசிக் குழம்புவார்கள்.