சின்ன சமையலறை: மேடை கட்டும் முன் மிக்சியை அளந்துவிடுங்கள்

எங்கள் வீட்டு மிக்சி நான்கு வருடமாகச் சாப்பாட்டு மேசையில்தான் குடியிருக்கிறது. சமையலறையில் அதற்கென்றே ஒரு மூலையும் பிளக் பாயிண்டும் உண்டு. ஆனால் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 16 அங்குலம்தான். பொருள் வைக்க இடம் கூடட்டும் என்று அலமாரியை இறக்கச் சொன்னது நான்தான். மிக்சி உள்ளே போனது. ஜாரை மாட்டப் போனால் இடித்தது. அன்றிலிருந்து தேங்காய்த் துருவலோடு ஹாலுக்கு நடக்கிறேன்.

எட்டடிக்கு ஏழடி அறை. அதை மூன்று தடவை அளந்தோம். உள்ளே வரப்போகும் கிரைண்டர், இட்லிப் பானை, அரிசி டின் எதையும் அளக்கவில்லை. சின்ன சமையலறையில் நடக்கும் பாதித் தவறு இதில்தான் தொடங்குகிறது.

சிங்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் இரட்டைத் தொட்டி அழகாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தால் இரண்டிலுமே ஐந்து லிட்டர் குக்கர் படுக்காது. 24-க்கு 18 அங்குலத்தில் ஆழமான ஒற்றைத் தொட்டி போதும். கடைக்குப் போகும்போது பெரிய குக்கரையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்து மேடையின் உயரம். யார் சமைக்கிறார்கள் என்று கேட்காமலே எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு வைத்துவிடுவார்கள். முழங்கையை மடக்கி நின்று, அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை வந்தால் காய் நறுக்கச் சுகமாக இருக்கும். இதில் பலர் மறப்பது அடுப்பை. மேடைமேல் அடுப்பு, அதன்மேல் அடிகனமான பாத்திரம் என்று ஏறிக்கொண்டே போகும். கேசரி கிண்டும்போது தோள் காதுவரை தூக்கினால் அடுப்பு உங்களுக்கு உயரம் என்று அர்த்தம். குள்ளமானவர்கள் அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் மூன்று நான்கு அங்குலம் இறக்கிக் கட்டச் சொல்லலாம்.

அடுப்பை மேடையின் நட்டநடுவில் வைப்பது பார்வைக்குச் சரி. ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி மிஞ்சி, எதிலும் சப்பாத்தி தேய்க்க முடியாது. ஒரு ஓரமாகத் தள்ளினால் சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே மூன்றடி சேர்ந்தாற்போல் கிடைக்கும்.

மேடைக்குக் கீழே இரண்டடி ஆழத்தில் தட்டு அடித்துக் கதவு போட்டால், பின்னால் போன டப்பா அடுத்த பொங்கலுக்குத்தான் வெளியே வரும். இழுப்பறை செலவு கூடுதல், ஆனாலும் அதுதான் சரி. மாடுலர் கிச்சன்காரர்கள் கப் சாசர் கூடை ஒன்றையும் சேர்த்து விற்பார்கள். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு சாசர், அதில் ஒன்று மணி பிளான்ட் தொட்டிக்கு அடியில்.

பிளக் பாயிண்ட் எண்ணிக்கையை டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்; ஆறு ஆம்பியர் பிளக் தாங்காது. அப்புறம் சிங்க் ஓரமாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரும். அது வரவே கூடாது.

சிலிண்டரை மேடைக்கடியில் மறைத்துக் கதவு போடுபவர்கள், கதவின் அடிப்பக்கம் துளை விட வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடுதான் தேங்கும். ரப்பர் குழாயை இழுப்பறைக்குப் பின்னால் கண்ணில் படாமல் ஓட்டுவதும் தப்பு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது.

அழகு விஷயத்தில் இரண்டே இரண்டு சொல்கிறேன். வெள்ளைக் கல் மேடையில் மஞ்சள் கறை பிடித்தால் லேசில் போகாது. முதுகுக்குப் பின்னால் டியூப்லைட் இருந்தால் உங்கள் நிழல்தான் அருவாமனைமேல் விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு எல்இடி பட்டை ஒட்டினால் அறையே வேறு மாதிரி தெரியும்.

போன வாரம் தச்சரை மறுபடி கூப்பிட்டோம். அவர் டேப்பை எடுப்பதற்குள் மிக்சியைக் கொண்டுவந்து மேடையில் வைத்துவிட்டேன். ஜார், மூடி, ஜாரைத் தூக்கும் கை எல்லாம் சேர்த்து 23 அங்குலம் வந்தது.