"டிவிஷன் 1 நிச்சயம்" என்று சொல்வதற்கு முன்

போன வாரம் ஒரு தகப்பனார் கேட்டார்: "எங்கள் பெண்ணுக்கு டிவிஷன் 1 கல்லூரியில் இடம் நிச்சயம்தானே, கோச்?" அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் முதலாவது டிவிஷன் 1. பெண்ணுக்கு வயது 12. அமெரிக்காவில் பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆட்டத்தில் பெண்கள் அணிகளைப் பயிற்றுவிக்க வந்த புதிதில் இந்தக் கேள்விக்கு "நிச்சயம்" என்று நான் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது. இளம் பயிற்சியாளர்கள் இன்றும் அதையே சொல்கிறார்கள். கல்லூரி அணியில் இடம் தேடும்போது நடக்கும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். கல்லூரிகளுக்குத் தாமதமாக மின்னஞ்சல் அனுப்புவது, மதிப்பெண்ணைக் கோட்டை விடுவது எல்லாம் ஊரறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

12 வயது ஆட்டத்தை வைத்துக் கல்லூரியைக் கணிப்பது

12 வயதுப் பிரிவில் பிட்சர் 40 அடி தூரத்திலிருந்து பந்து வீசுகிறாள். 14 வயதுப் பிரிவிலிருந்து கல்லூரிவரை 43 அடி. கூடும் அந்த மூன்றடியைவிட, எதிரே மட்டை பிடிப்பவர்கள் வளர்ந்துவிடுவதுதான் பெரிய மாற்றம்.

என்னிடம் ஒருத்தி இருந்தாள். தோழிகளைவிட ஒரு தலை உயரம்; அவள் பந்தை யாராலும் தொட முடியவில்லை. "இவள் டிவிஷன் 1தான்" என்று பெற்றோரிடம் நானே சொன்னேன். பிறகு மற்றவர்கள் வளர்ந்தார்கள். ரேடார் கருவி என் பையிலேயே இருந்தது. 15 வயதில் மணிக்கு 53 மைல், 16 வயதில் 54 என்று என் நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். டிவிஷன் 1 பிட்சர்கள் பெரும்பாலும் 60 மைலைத் தாண்டி வீசுபவர்கள். அவள் முகம் வாடிவிடுமே என்று வாய் திறக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு டிவிஷன் 3 கல்லூரி அவளை விரும்பி எழுதியது. நாங்கள் பதில்கூடப் போடவில்லை. 11ஆம் வகுப்பில் செப்டம்பர் 1 வந்தது. அன்றிலிருந்துதான் டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் மாணவியை நேரடியாக அழைக்கலாம். தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு இரவுவரை உட்கார்ந்திருந்தாள். யாரும் அழைக்கவில்லை. அந்த டிவிஷன் 3 கல்லூரிக்கு எழுதியபோது அங்கே வேறு பிட்சர் சேர்ந்துவிட்டிருந்தாள். அந்த நோட்டை அவளிடம் ஒருமுறை காட்டியிருந்தால் போதும். இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருவது இதற்காகத்தான்.

சொந்த அணியோடு மட்டும் ஒப்பிடுவது

வேண்டவே வேண்டாம்.

ஸ்டாப்வாட்சைத் தாமதமாக அழுத்துவது

பந்தை அடித்ததும் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸுக்கு 2.9 விநாடி என்று ஒரு தாய் குறித்திருந்தார். நான் பார்த்தபோது 3.3. மகள் முதல் அடி எடுத்து வைத்த பிறகே அவர் அழுத்தியிருக்கிறார். பந்து மட்டையில் படும் சத்தத்தோடு தொடங்கி, கால் பேஸில் படும்போது நிறுத்துங்கள். கல்லூரிப் பயிற்சியாளரும் அப்படித்தான் அளப்பார்.

முழு உதவித்தொகைக் கனவு

2024-25 வரை டிவிஷன் 1 அணி ஒன்றுக்கு 12 உதவித்தொகைகள்தான் வரம்பு. அதையும் அணிக்குள் பங்கிட்டுத்தான் கொடுப்பார்கள்.

டிவிஷன் 3 என்றால் மட்டம் என்று நினைப்பது

அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, உண்மை. ஆனால் ஆட்டம் மட்டமில்லை. அந்தத் தகப்பனாரிடம் நான் சொன்னது இதுதான்: ஒரு சனிக்கிழமை மகளோடு பக்கத்து டிவிஷன் 3 கல்லூரிக்குப் போங்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய், முதல் பேஸுக்குப் பின்னால் வேலியோரம் நில்லுங்கள். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எறியும் பந்து கையுறையில் விழும் சத்தத்தை அவளும் கேட்கட்டும்.